தண்ணிக்குள்ள ஸ்கூட்டர்... நடுவுல நின்னு போனா?

"டேய் தம்பி, நீ மெக்கானிக்கல்தானே படிக்கிறே? எந்த ஸ்கூட்டர் வாங்கலாம், சொல்லு பார்ப்போம்!"

சிங்கப்பூர்ல இருந்து சித்தப்பா போன். இங்கே எனக்கு மறுநாள் செமஸ்டர் எக்ஸாம்.

"தங்கச்சிக்கா சித்தப்பா? அவளுக்கு இன்னும் லைசென்ஸ் வயசே ஆகலையே..."

"ரோட்டுல ஓடுற ஸ்கூட்டர் இல்லடா. தண்ணிக்குள்ள ஓடுறது! லீவுக்கு நீயும் இங்கே வர்றேல்ல, குடும்பத்தோட தியோமான் தீவுக்குப் போறோம். எது நல்லதுனு நீதான் சொல்லணும்."

நம்மளைப் பத்தித் தெரியாதா என்ன? தெரியலைன்னு சொன்னா இன்ஜினீயர் மானம் போயிடும். 'ரெண்டு நாள் டைம் கொடுங்க'னு கெத்தா சொல்லிட்டு போனை வெச்சேன். அப்படி ஆரம்பிச்ச ஆராய்ச்சி, ஒரு தீவுக் கரையில என்னைத் தலைதெறிக்க ஓட வெச்சதுலதான் முடிஞ்சது. அதைத்தான் உங்களுக்கு சொல்லப் போறேன்.

பன்றியில ஆரம்பிச்ச கதை!

அண்டர்வாட்டர் ஸ்கூட்டர்ங்கிறது ரொம்ப சிம்பிள். ஒரு பேட்டரி, ஒண்ணோ ரெண்டோ மோட்டார், கூண்டு போட்ட ப்ரொப்பெல்லர், ரெண்டு கைப்பிடி. பிடிச்சுக்கிட்டு பட்டனை அமுக்கினா நம்மளை இழுத்துட்டுப் போகும். உட்கார்ந்து ஓட்டுறது இல்லை, தொங்கிட்டுப் போறது!

இதோட தாத்தாவைப் பார்த்தா கொஞ்சம் பயமா இருக்கும். இத்தாலி கடற்படையில இருந்த தெசேய், தோஸ்கினு ரெண்டு இன்ஜினீயர்கள் 1930கள்ல ஒரு நீர்மூழ்கி வண்டி செஞ்சாங்க. ரெண்டு பேர் அது மேல உட்கார்ந்து எதிரிக் கப்பலுக்கு அடியில வெடிகுண்டு வெச்சுட்டு வரணும். ஓட்டவே வசப்படாததால அதுக்கு வீரர்கள் வெச்ச பேர் 'மையாலே', அதாவது பன்றி! 1941 டிசம்பர்ல மூணு பன்றி, ஆறு வீரர்கள்... எகிப்துல அலெக்ஸாண்ட்ரியா துறைமுகத்துக்குள்ள புகுந்து குவீன் எலிசபெத், வேலியன்ட்னு ரெண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை செயலிழக்க வெச்சுட்டாங்க. அப்புறம் 1965-ல வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'தண்டர்பால்'ல தண்ணிக்கடியில ஸ்கூட்டர் சண்டையைப் பார்த்து உலகமே வாயைப் பிளந்துச்சு.

லித்தியம் பேட்டரி வந்த பிறகுதான் விஷயம் நம்ம வீட்டுப் பக்கம் வந்துச்சு. இன்னைக்கு 3, 4 கிலோவுல, பையில போட்டுத் தூக்கிட்டுப் போற சைஸ்ல கிடைக்குது. சப்லூ மாதிரி கம்பெனிங்க இந்த ரகம். இன்னொரு பக்கம் ஜெர்மனியோட சீபாப் மாதிரி, சுமார் 30 கிலோ எடையுள்ள ராட்சசங்களும் இருக்கு. அதோட விலையில கார் வாங்கிடலாம். சித்தப்பா பட்ஜெட் முதல் ரகம்!

டப்பா மேல போட்டிருக்கிறதை நம்பலாமா?

எல்லா டப்பா மேலயும் மூணு நம்பர் பெருசா இருக்கும். எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம், எவ்வளவு ஆழம். 'மணிக்கு 5 கிலோமீட்டர், 30 நிமிஷம், 40 மீட்டர்' மாதிரி.

அஞ்சு கிலோமீட்டர்னா நாம நடக்கிற வேகம்தானேனு சிரிக்காதீங்க. தண்ணி காத்தை விட 800 மடங்கு அடர்த்தி. உள்ளே அந்த வேகமே பறக்கிற மாதிரி இருக்கும். மாஸ்க் கழண்டுக்குமோனு பயம் வரும்!

நான் கவனிக்காம விட்டது, அந்த மூணு நம்பரும் ஒரே நேரத்துல உண்மையா இருக்காதுங்கிறதை. தண்ணியோட எதிர்ப்பு, வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். செலவாகிற பவர், வேகத்தோட கனத்துக்கு. அதாவது வேகத்தை ரெண்டு மடங்கு ஆக்கணும்னா பவர் எட்டு மடங்கு வேணும்! ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல இதை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். ஆனா டப்பாவைப் பார்த்தப்போ ஞாபகம் வரலை. மார்க் வேற, மூளை வேற!

பேட்டரிக்கும் ஒரு குட்டிக் கணக்கு இருக்கு. 11.1 வோல்ட், 11 ஆம்பியர்-அவர்னு போட்டிருந்தா, பெருக்குங்க. 122 வாட்-அவர். அது 30 நிமிஷம் ஓடணும்னா சராசரியா 244 வாட்தான் செலவாகணும். ஃபுல் ஸ்பீடுல அதுவே ரெண்டு மடங்கு இழுத்தா, 15 நிமிஷத்துல கதை முடிஞ்சது. '30 நிமிஷம்'ங்கிறது பெரும்பாலும் மெதுவா, விட்டு விட்டு ஓட்டுறவங்களுக்கான நம்பர். பட்டனை அமுக்கினா கையை எடுக்காத பிள்ளைங்களுக்கு இல்லை.

இதெல்லாம் எனக்கு எப்போ புரிஞ்சதுன்னா...

தியோமான்ல அந்த 14 நிமிஷம்

ஜூன் முதல் வாரம். ஜோகூர் பாரு வழியா மெர்சிங் வரைக்கும் ரோடு, அங்கேயிருந்து படகு. தியோமான் மலேசியாவோட கிழக்குக் கடல்ல இருக்கிற தீவு. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் மழைக்காத்து அடிச்சு நொறுக்கும். மத்த மாசங்கள்ல கண்ணாடித் தண்ணி. இடுப்பளவு தண்ணியில நின்னா கால்கிட்ட மீன் கூட்டம்!

என் பங்குக்கு ஒரு ஸ்கூட்டர் செலக்ட் பண்ணிக் கொடுத்திருந்தேன். முதல் நாள் சித்தப்பா ஓட்டினார், நான் ஓட்டினேன், சித்தி மட்டும் "எனக்கு இந்த வம்பே வேணாம்டா"னு கரையிலயே உட்கார்ந்துட்டாங்க. ரெண்டாவது நாள் காலையில தங்கச்சி முறை. எட்டாவது படிக்கிறா. ஸ்கூல்லயே நீச்சல் கத்துக்கிட்டவ. ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட், மாஸ்க், ஸ்நார்க்கெல் எல்லாம் போட்டாச்சு.

"அண்ணா, எவ்வளவு தூரம் போகலாம்?"

"முப்பது நிமிஷம் ஓடும். நீ அஞ்சு நிமிஷம் கரையை ஒட்டியே போ, திரும்பி வந்துடு. ஆறுல ஒரு பங்கு பேட்டரிதான் போகும். ஜாலியா போ!"

பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். போனா. அஞ்சு நிமிஷத்துல குட்டிப் பொட்டு மாதிரி ஆயிட்டா. 'என்னடா இவ்வளவு தூரமா?'னு தோணுச்சு. திரும்பினதும் தெரிஞ்சுது. ஆனா பொட்டு பெருசாகவே இல்லை. எட்டு நிமிஷம், பத்து நிமிஷம்... மெது மெதுவா வர்றா. பதினாலாவது நிமிஷம் அப்படியே நின்னுட்டா. அதுக்கப்புறம் பொட்டு மறுபடி சின்னதாக ஆரம்பிச்சது.

சித்தி எழுந்து நின்ன விதத்தை நான் மறக்கவே மாட்டேன். கத்தலை. என்னைத் திரும்பி மட்டும் பார்த்தாங்க. சித்தப்பா தண்ணியில குதிச்சார். நான் கரையோட ஓடினேன்.

நல்லவேளை, தங்கச்சி பதறலை. ஸ்கூட்டரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு மல்லாந்து மிதந்து, ஜாக்கெட்ல இருந்த விசிலை ஊதினா. பக்கத்துல போன மலாய்க்காரப் படகோட்டி ஒருத்தர் சத்தம் கேட்டுத் திரும்பி வந்து, அவளைத் தூக்கி உட்கார வெச்சு, சித்தப்பாவையும் ஏத்திக்கிட்டு கரைக்குக் கொண்டு வந்தார். காசு கொடுத்தா வாங்கலை. ஸ்கூட்டரைத் தட்டிக் காட்டி சிரிச்சுட்டுப் போயிட்டார்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஸ்கூட்டர் வேகம் தோராயமா வினாடிக்கு ஒரு மீட்டர். நீரோட்டம் வினாடிக்கு அரை மீட்டர்னு வெச்சுக்குவோம். கண்ணுக்கே தெரியாத நீரோட்டம்தான். போறப்போ அது கூடவே தள்ளுது: வினாடிக்கு ஒன்றரை மீட்டர். அஞ்சு நிமிஷத்துல 450 மீட்டர். வர்றப்போ எதிர்த்துத் தள்ளுது: வினாடிக்கு அரை மீட்டர்தான். அதே 450 மீட்டருக்கு 15 நிமிஷம்! மொத்தம் 20 நிமிஷம் வேணும். ஃபுல் ஸ்பீடுல பேட்டரி தாங்கினது 14 நிமிஷம். நின்ன இடத்துல இருந்து கரைக்கு நாங்க இருந்த இடம் இன்னும் 180 மீட்டர். நின்ன பிறகு நிமிஷத்துக்கு 30 மீட்டர் வீதம் நீரோட்டம் அவளைப் பின்னால இழுத்திருக்கு.

ஸ்கூட்டர் மேல ஒரு தப்பும் இல்லை. அது டப்பாவுல சொன்னபடிதான் ஓடுச்சு. தப்புக் கணக்குப் போட்டது நான்.

இப்போ கேளுங்க... எப்படி வாங்கணும்?

நம்ம ஊர் பைக்ல பெட்ரோல் தீர்ந்தா தள்ளிக்கிட்டே பங்க் வரைக்கும் போயிடலாம். தண்ணியில தள்ள ஆள் கிடையாது, நாமளே நீந்தணும். அதனால கடையில கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எவ்வளவு ஸ்பீடு?' இல்லை. 'நின்னு போனா என்ன ஆகும்?'ங்கிறதுதான். மத்த கேள்வி எல்லாம் அதுல இருந்துதான் வருது.

*மிதக்குமா, மூழ்குமா?* கையை விட்டா மெதுவா மேல வந்து மிதக்கணும். பல மாடல்கள்ல இதுக்குன்னே தனியா மிதவை மாட்டிக்கலாம். எங்க ஸ்கூட்டர்ல அது இருந்ததாலதான் தங்கச்சி அதையே பிடிச்சுக்கிட்டு மிதந்தா. கடல் தண்ணியை விட நீச்சல் குளத்துத் தண்ணி அடர்த்தி கம்மி. அதனால கடல்ல மிதக்கிறது குளத்துல மூழ்கலாம். ரெண்டுலயும் தனித்தனியா சோதிச்சுப் பாருங்க.

*கையை எடுத்தா நிக்குமா?* விரலை எடுத்த அடுத்த நொடி மோட்டார் நிக்கணும். ரெண்டு கைப் பட்டனையும் சேர்த்து அமுக்கினாதான் ஓடும்ங்கிற மாடல் சின்னப் பசங்களுக்கு நல்லது.

*மெதுவா ஓட ஒரு கியர் இருக்கா?* குறைஞ்ச வேகத்துல பூட்டி வைக்கிற வசதி, ஆழத்துக்கு எல்லை வைக்கிற வசதி இருந்தா இன்னும் நல்லது. 40 மீட்டர் ஆழம்ங்கிறது மெஷின் தாங்குற ஆழம். நம்ம காது தாங்குற ஆழம் இல்லை! பத்து மீட்டர்லயே அழுத்தம் ரெண்டு மடங்கு ஆயிடும். ரெண்டு, மூணு மீட்டர்லயே காது வலிக்க ஆரம்பிக்கும். மூக்கைப் பிடிச்சு காதை சரி பண்ண ஒரு கை வேணும்; ரெண்டு கையும் ஸ்கூட்டர்ல இருந்தா எப்படி?

*கூண்டு எப்படி?* ப்ரொப்பெல்லருக்கு முன்னாலயும் பின்னாலயும் விரல் நுழையாத கம்பி இருக்கணும். ஆனா முடி நுழையும்! ஜடையை இறுக்கிக் கொண்டை போட்டு தொப்பிக்குள்ள சொருகணும். ஷார்ட்ஸ் நாடா, கழுத்துச் செயின், அரைஞாண் கயிறு... எது தொங்கினாலும் ஆபத்துதான்.

*ஐ.பி. நம்பர்ல ஏமாறாதீங்க.* ஐ.பி.67-னா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். ஐ.பி.68-னா அதை விட அதிகம். ஆனா எவ்வளவுங்கிறதை கம்பெனிதான் சொல்லணும். ஆழத்தை மீட்டர்ல எழுதியிருக்கான்னு பாருங்க.

*ஃப்ளைட்ல வருமா?* இதையும் அனுபவத்துலதான் சொல்றேன். லீவு முடிஞ்சு திருச்சிக்கு அதைக் கொண்டு வரலாமேனு ஆசைப்பட்டோம். பயணிகள் கொண்டு போற லித்தியம் பேட்டரி 100 வாட்-அவர் வரைக்கும் பிரச்னை இல்லை. 100-ல இருந்து 160 வரைக்கும் ஏர்லைன்ஸ்கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும். 160-ஐத் தாண்டினா கூடவே கூடாது. கழட்டின பேட்டரியை கைப்பையிலதான் வைக்கணும், லக்கேஜ்ல போடக் கூடாது. வாங்குறதுக்கு முன்னாடியே வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கிப் பார்த்துடுங்க.

இன்னொரு உண்மையையும் சொல்லிடறேன். வருஷத்துக்கு ஒரு தடவை கடல் பக்கம் போற குடும்பம்னா வாங்கவே வேண்டாம், வாடகைக்குக் கிடைக்கிற இடத்துல எடுத்துக்குங்க. மீதி 360 நாள் அதைப் பராமரிக்கிறது யாரு?

ஓட்டுறப்போ நாலு ரூல்

1. ஸ்கூட்டர் இல்லாம நீந்தித் திரும்ப முடிகிற தூரம்தான் எல்லை. குடும்பத்துல யார் மெதுவா நீந்துவாங்களோ, அவங்களை வெச்சுத்தான் எல்லாருக்கும் எல்லை. நீச்சலே தெரியாதவங்களுக்கு ஸ்கூட்டரே கிடையாது.

2. முதல்ல நீரோட்டத்தை எதிர்த்துப் போங்க. என் கணக்கையே திருப்பிப் போட்டுப் பாருங்க: போக 15 நிமிஷம், வர 5 நிமிஷம். கஷ்டமான பாதி, பேட்டரி ஃபுல்லா இருக்கிறப்போவே முடிஞ்சுடும். நடுவுல நின்னு போனாலும் நீரோட்டமே கிளம்பின இடத்துப் பக்கம் தள்ளிட்டு வரும். பேட்டரியை மூணு பங்காப் பிரிச்சு, ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கைத் தொடாம வெச்சுடுங்க.

3. தனியா யாரும் போகக் கூடாது. பக்கத்துல ஃபின்ஸ் போட்ட ஒருத்தர், கரையில கண் எடுக்காம பார்க்கிற ஒருத்தர். செல்போன் பார்க்கிறவர் கணக்குல வர மாட்டார்!

4. ஸ்கூபா சிலிண்டரோட ஓட்டணும்னா முறையா பயிற்சி எடுத்துட்டுத்தான். மேல வர்றப்போ நிமிஷத்துக்கு 9 மீட்டர்னு மெதுவா வரச் சொல்லித் தர்றாங்க. வினாடிக்கு ஒன்றரை மீட்டர் ஓடுற ஸ்கூட்டர் நிமிஷத்துக்கு 90 மீட்டர்! பத்து மடங்கு வேகத்துல, மூச்சை அடக்கிக்கிட்டு மேல வந்தா நுரையீரல்ல இருக்கிற காத்து விரிஞ்சு உயிருக்கே ஆபத்து. ஸ்கூட்டரைப் பக்கவாட்டுல போக மட்டும் வெச்சுக்குங்க. மேல வர்றது காலால.

பவளப்பாறை பக்கம் போனா மண்ணைக் கிளப்பாம, எதையும் தொடாம போகணும். கடல் பூங்காக்கள்ல அனுமதி உண்டான்னு முதல்ல விசாரிங்க. நம்ம மன்னார் வளைகுடாவுல 21 தீவுகளைச் சேர்த்து 1986-லயே தேசியப் பூங்கா ஆக்கியாச்சு. 'நம்ம கடல்தானே'னு அங்கே ஸ்கூட்டரோட இறங்கிட முடியாது. 'மெரினாவுல ஓட்டலாமா?'னு கேட்கிற மச்சிகளுக்கு: அந்த அலையில மனுஷனே தாங்க மாட்டான், மூணு கிலோ ஸ்கூட்டர் எம்மாத்திரம்?

கரைக்கு வந்ததும் கால் மணி நேரம்

ஒரு லிட்டர் கடல் தண்ணியில சுமார் 35 கிராம் உப்பு. அது காய்ஞ்சா படிகமாகி ரப்பரை அறுக்கும், உலோகத்தை அரிக்கும். அதனால காயறதுக்குள்ள வேலையை முடிங்க.

• பேட்டரி மூடியைத் திறக்கிறதுக்கு முன்னாடியே ஸ்கூட்டரை அப்படியே நல்ல தண்ணியில ஊற வைங்க. வாளித் தண்ணியிலயே சில நொடி ஓட்டி ப்ரொப்பெல்லர் உள்ளே இருக்கிற உப்பையும் மணலையும் வெளியேத்துங்க. தண்ணி இல்லாம வெளியில ஓட்டாதீங்க.

• நல்லா துடைச்ச பிறகு, தலையையும் கையையும் துடைச்சுட்டு மூடியைத் திறங்க. உங்க தலைமுடியில இருந்து சொட்டுற ஒரு துளி உப்புத் தண்ணி போதும், பேட்டரி முனையைக் கெடுக்க!

• மூடியில இருக்கிற கறுப்பு ரப்பர் வளையத்துக்குப் பேர் ஓ-ரிங். மொத்த மெஷினையும் காப்பாத்துறது அந்த சின்ன வளையம்தான். ஒரு மணல், ஒரு முடி அதுல மாட்டினாலே தண்ணி உள்ளே போகும். விரலால தடவிப் பாருங்க. வெடிப்பு இருந்தா மாத்துங்க. கம்பெனி சொல்ற கிரீஸை மட்டும், பளபளப்பு தெரிகிற அளவுக்குப் பூசுங்க. தேங்காய் எண்ணெய் வைத்தியம் வேண்டாம்.

• பேட்டரியைக் கழட்டிட்டு, ப்ரொப்பெல்லரைக் கையால சுத்திப் பாருங்க. தூண்டில் நரம்பு, பாசி, முடி சிக்கியிருந்தா எடுங்க. பேட்டரி மாட்டியிருக்கிறப்போ விரலை விடவே கூடாது.

• ஓட்டி முடிச்ச சூட்டோட சார்ஜ் போடாதீங்க. ஆறட்டும். ராத்திரி பூரா கட்டில் பக்கத்துல சார்ஜ் போட்டுட்டுத் தூங்காதீங்க. வெயில்ல நிக்கிற காருக்குள்ள விட்டுட்டுப் போகாதீங்க.

• லீவு முடிஞ்சு மூட்டை கட்டுறப்போ பேட்டரி பாதி சார்ஜ்ல இருக்கணும். ஃபுல்லாவும் கூடாது, காலியாவும் கூடாது. ஸ்கூட்டர்ல இருந்து கழட்டித் தனியா, குளிர்ச்சியான இடத்துல வைங்க. ரெண்டு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்க.

• பேட்டரி உப்பியிருந்தாலோ, உள்ளே உப்புத் தண்ணி போயிருந்தாலோ சார்ஜ் போட்டு 'டெஸ்ட்' பண்ணாதீங்க. லித்தியம் தீப்பிடிச்சா அணைக்கிறது பெரும் பாடு. வீட்டுக்கு வெளியில வெச்சுட்டு சர்வீஸ் சென்டர்ல ஒப்படைச்சிடுங்க.

அடுத்த லீவுல முதல் தடவை இறக்குறப்போ நேரா கடலுக்குப் போகாம, ஒரு வாளியிலயோ குளத்துலயோ அமுக்கிப் பிடிச்சுப் பாருங்க. முட்டை முட்டையா காத்து வந்துக்கிட்டே இருந்தா எங்கேயோ ஒழுகுதுனு அர்த்தம்.

கடைசியா...

தியோமான்ல மூணாவது நாள். ஸ்கூட்டரை யாரும் தொட மாட்டாங்கனு நினைச்சேன். தங்கச்சி வந்து நின்னா. "அண்ணா, இன்னைக்கும் போகலாமா? ஆனா நீயும் கூட வரணும்."

சித்தியைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், "எந்தப் பக்கம் தண்ணி இழுக்குதுனு முதல்ல பாருடா"ன்னாங்க.

ஒரு காய்ஞ்ச இலையை எடுத்துத் தண்ணியில போட்டேன். அது இடது பக்கமா நகர்ந்துச்சு. நாங்க வலது பக்கமா கிளம்பினோம். ஸ்கூட்டர் அவ கையில, குறைஞ்ச கியர்ல. நான் பக்கத்துல ஃபின்ஸ் போட்டு நீந்திக்கிட்டே. தஞ்சாவூர்ல எங்க கிணத்துல லாரி டியூப்பைக் கட்டிவிட்டு அப்பா சொல்லிக் கொடுத்த அதே நீச்சல்!

ஸ்கூட்டர் வாங்க சித்தப்பா ஏகப்பட்ட கடை ஏறி இறங்கினார். உங்க வீட்டுல வாங்கப் போறாங்கன்னா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி பக்கத்து நீச்சல் குளத்துக்கு எல்லாரும் ஒரு தடவை போயிட்டு வாங்க. ஸ்கூட்டர் இல்லாம யார் எவ்வளவு தூரம் நீந்துறாங்கனு பாருங்க. உங்களுக்கு எந்த ஸ்கூட்டர் வேணும், வேணுமாங்கிறதே அங்கே தெரிஞ்சுடும்.